எழுத்துக்கு முன்பே பிறந்த 'எழுது': ஒரு துருக்கிய வினைச்சொல்லின் வம்சாவளி

மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 732-இல் நாட்டப்பட்ட குல் தெகின் கல்வெட்டில், எழுதியவன் தன் பெயரையும் சொல்கிறான்: யோல்லுக் தெகின். இருபது நாள் உட்கார்ந்து எழுதினேன் என்கிறான். 'எழுதினேன்' என்பதற்கு அவன் எடுத்த சொல் 'பிதிதிம்'. தோன்யுகுக் என்ற அமைச்சரின் கல்லிலும் அதே வினைதான். அங்கே 'பிதித்திம்', அதாவது 'எழுதச் செய்தேன்'. இன்று இஸ்தான்புல்லில் ஒருவர் எழுதினேன் என்று சொல்ல வேண்டுமானால் 'யஃஜ்திம்' என்பார். இந்த யஃஜ்- என்ற வினை 'எழுது' என்ற பொருளில் அந்தக் கற்களில் ஓரிடத்திலும் இல்லை. துருக்கியில் அக்கற்களுக்கு வழங்கும் பெயரோ 'ஓர்ஹுன் யஃஜித்லாரி'. கல்வெட்டைக் குறிக்கும் 'யஃஜித்' இருபதாம் நூற்றாண்டு மொழிச் சீர்திருத்தக்காரர்கள் உருவாக்கிய சொல். அதன் வேர் யஃஜ்-.

அப்படியானால் பழைய சொல் எது? கல்வெட்டை மட்டும் பார்த்தால் பிதி- மூத்தது, யஃஜ்- பின்னால் வந்தது என்றுதான் தோன்றும். ஒப்பீட்டு மொழியியல் சொல்வது இதற்கு நேர் எதிர். யஃஜ்- எல்லாத் துருக்கிய மொழிகளுக்கும் தாயான மூலத் துருக்கிய மொழிக்கே உரியது. பிதி- கடன் வாங்கிய சொல். எந்தக் கல்லிலும் ஏட்டிலும் இல்லாத மூலத்தை எப்படி மீட்டெடுக்கிறார்கள் என்பதற்கு இந்த வினையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு துருக்கிய மொழிகளில் அதிகம் இல்லை.

எழுத்துமுறை பற்றி முதலில் ஒரு குறிப்பு. 'துருக்கிய மொழிகள்' என்றால் மொத்தக் குடும்பம்; 'துருக்கியில்' என்றால் அதில் ஒன்றான துருக்கி நாட்டு மொழியில். 'ஸ்' ஒலியைத் தொண்டை அதிரச் சொன்னால் வரும் ஒலியை இங்கே 'ஃஜ்' என்று எழுதுகிறேன். துருக்கிய மொழிகளில் 'காட்டு', 'பட்டு' ஆகிய சொற்களின் கடைசியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் போன்ற ஓர் உயிர் உண்டு. அதற்குத் தனிக் குறி இல்லாததால் 'இ' கொண்டு காட்டியிருக்கிறேன். 'யஃஜ்திம்' என்பதன் கடைசி உயிர் அப்படிப்பட்டது. நட்சத்திரக் குறி இட்ட வடிவங்கள் எந்த ஆவணத்திலும் காணப்படாதவை, மீட்டெடுக்கப்பட்டவை.

பிதி- எங்கிருந்து வந்தது

தூரிகையைக் குறிக்கும் சீனச் சொல் இன்று வட சீனத்தில் 'பி'. நடுக்காலச் சீனத்தில் அது 'பித்' என்று தகர மெய்யில் முடிந்தது. காண்டனீய மொழியில் அந்த மெய் இன்னும் நிற்கிறது. அந்தப் பித்-தோடு வினையாக்கும் உயிர் சேர்ந்து பிதி- ஆயிற்று என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கருவி சீனத்திலிருந்து வந்தபோது செயலின் பெயரும் கூடவே வந்துவிட்டது.

இந்தச் சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. மங்கோலியத்தில் இகரத்துக்கு முன் தகரம் சகரமாகும். ஆகவே பிதி- அங்கே பிச்சி- ஆனது. எழுத்தைக் குறிக்கும் 'பிச்சிக்' அதிலிருந்து பிறந்தது. மஞ்சு மொழியில் நூலுக்குப் பெயர் 'பித்ஹே'. மேற்கே ஹங்கேரிய மொழியில் நெடுங்கணக்கின் ஒரு எழுத்தை 'பெத்தூ' என்கிறார்கள். பிதிக் என்ற பெயர்ச்சொல்லின் இறுதிக் ககரம் மெலிந்து நெடில் உயிரில் கரைந்த வடிவம் அது. தென் சைபீரியாவின் துவா, அல்தாய் மொழிகள் இன்று எழுதுவதற்குப் பயன்படுத்தும் பிஜி-, பிச்சி- ஆகியவை மங்கோலியத்துக்குப் போய்த் திரும்பி வந்தவை. தகரம் இல்லாமல் சகர இனத்து ஒலி நிற்பதே அதற்குச் சாட்சி.

யஃஜ்- 'எழுது' என்ற பொருளில் பதிவாவது பதினொன்றாம் நூற்றாண்டில். மஹ்மூத் அல்-காஷ்காரி 1072-இல் தொடங்கி பக்தாதில் தொகுத்த துருக்கிய-அரபு அகராதி அதை ஓகுஸ் பிரிவினரின் வழக்கு என்று குறிக்கிறது. இன்றைய துருக்கி, அஜர்பைஜான், துருக்மெனிஸ்தான் மக்களின் மொழி முன்னோர் அந்த ஓகுஸ்கள்தாம். ஆக, ஏடுகளின் சாட்சியம் மட்டும் கையில் இருந்தால் 'யஃஜ்- என்பது ஓகுஸ் வட்டாரச் சொல், பின்னர் பரவியது' என்று எழுதி மூடியிருப்பார்கள். அப்படி மூடவிடாமல் தடுத்தது ஏடுகளே இல்லாத ஒரு கிளை.

சுவாஷ் சாட்சி

வோல்கா ஆற்றங்கரையில் பேசப்படும் சுவாஷ், துருக்கியக் குடும்பத்தின் தனித்த உறுப்பினர். மற்ற எல்லாத் துருக்கிய மொழிகளும் ஒரு கிளை. சுவாஷும் அழிந்துபோன பல்கார் மொழியும் இன்னொரு கிளை. இவ்விரண்டும் பிரிந்தது ஏறத்தாழ பொது ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டி என்று பலர் கணிக்கிறார்கள். ஒரு சொல் இரு கிளைகளிலும் பிறப்புரிமையாக இருந்தால் மட்டுமே அதை மூலத் துருக்கியத்துக்குக் கொண்டுபோக முடியும். இங்கே 'பிறப்புரிமையாக' என்ற அடைமொழிதான் முக்கியம். சுவாஷ் பேசுவோர் நூற்றாண்டுக் கணக்கில், மற்றக் கிளையைச் சேர்ந்த மொழி பேசும் தாத்தாரியருக்கு அண்டை வீட்டுக்காரர்கள். அவர்கள் மொழி முழுக்கத் தாத்தாரியக் கடன்கள் நிறைந்திருக்கின்றன.

சுவாஷில் 'எழுது' என்பது சிர்-. தாத்தாரியத்தில் யஃஜ்-. இரண்டும் ஒன்றா, கடனா, தற்செயலா? மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும்: முதல் மெய், நடு உயிர், இறுதி மெய்.

இறுதி மெய்யில் தொடங்குவது எளிது. மற்ற மொழிகளில் ஃஜ் வருமிடத்தில் சுவாஷ் ர் வைப்பது நன்கு நிறுவப்பட்ட ஒழுங்கு. துருக்கியில் ஒன்பது 'தொகுஃஜ்', சுவாஷில் 'தஹ்ஹர்'. பெண்பிள்ளை 'கிஃஜ்', சுவாஷில் 'ஹெர்'. கன்றுக்குட்டி 'புஃஜா', சுவாஷில் 'பரு'. நூறு 'யூஃஜ்', சுவாஷில் 'செர்'. இந்த ஒழுங்கே கடனைப் பிடிக்கும் பொறியாகவும் பயன்படுகிறது. கடலுக்குத் துருக்கியில் 'தெனிஃஜ்'; சுவாஷில் 'தினெஸ்'. ரகரம் வரவேண்டிய இடத்தில் ஸ் நிற்கிறது, எனவே அது தாத்தாரியத்திலிருந்து பின்னால் வந்த சொல். ஹங்கேரியரோ பல்கார் வகை மொழி பேசியவர்களிடமிருந்து பழங்காலத்திலேயே வாங்கி 'தெங்கெர்' என்று ரகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சிர்- இந்தச் சோதனையில் தேறுகிறது. தாத்தாரியத்திலிருந்து வாங்கியிருந்தால் ரகரம் வந்திருக்க வழியே இல்லை.

முதல் மெய்: பொதுத் துருக்கிய யகரத்துக்குச் சுவாஷ் மென்மையான சகரம் தரும். 'ஏழு' என்ற எண்ணை எடுத்தால் குடும்பம் முழுவதும் தெரிந்துவிடும். துருக்கியில் யெதி, கசாக்கில் ஜெத்தி, துவாவில் செதி, வடகிழக்குச் சைபீரியாவின் யாகூத்தில் செத்தே, சுவாஷில் சிச்செ. கசாக், கிர்கிஸ் மொழிகளில் நம் வினை ஜஃஜ்- என ஒலிப்பதும் இதே விதிப்படிதான். நூறு என்னும் சொல் இன்னொரு வகையிலும் உதவுகிறது. வோல்கா பல்காரியரின் 13, 14-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்களில் அது 'ஜூர்' என அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஜ், இறுதியில் ர்: யூஃஜுக்கும் செருக்கும் நடுவிலிருந்த படிநிலை கல்லிலேயே கிடைக்கிறது.

உயிர்தான் தொல்லை தருவது. யஃஜ்-இல் அகரம், சுவாஷில் குற்றியலுகரம் போன்ற ஒலி. இங்கே கைகொடுப்பது குறில் நெடில் வேறுபாடு. துருக்கியில் அது மறைந்துவிட்டது. துருக்மெனும் யாகூத்தும் காத்து வைத்திருக்கின்றன. 'போ' என்ற வினை யாகூத்தில் பர்-, குறில். 'உள்ளது' என்பது பார், நெடில். சுவாஷில் இவை முறையே பிர்-, புர். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் சொல்லைப் பாருங்கள். 'எழுது' துருக்மெனில் குறில், சுவாஷில் சிர்-. 'வசந்தம்' துருக்மெனிலும் யாகூத்திலும் நெடில் (யாஃஜ், சாஸ்), சுவாஷில் சுர். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சோடிகள். ஆனால் இதை விதி என்று தூக்கிப் பிடிக்கக் கூடாது. குதிரையைக் குறிக்கும் 'அத்' குறில் உடையது. அது சுவாஷில் 'உத்' ஆகியிருக்கிறது. சுவாஷ் உயிர்களின் வரலாறு துருக்கியவியலின் சேற்று நிலம். இறுதி மெய்யில் கிடைக்கும் உறுதியை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இத்தனையும் சேர்த்தால் வரும் வடிவம் *யர்²-. அந்தச் சிறிய இரண்டு ஏன்? மூலத்தில் ர், ஃஜ் இரண்டில் எது இருந்தது என்ற வழக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. எல்லா மொழிகளிலும் ர் ஆகவே நிற்கும் சாதாரண ரகரம் ஒன்று; சுவாஷில் ர் ஆகவும் பிறவற்றில் ஃஜ் ஆகவும் பிரிந்தது இன்னொன்று. பின்னதை 'இரண்டாம் ரகரம்' என்று குறிப்பது வழக்கம். நாக்கை அண்ணத்தில் படியவைத்துச் சொல்லும் மென்மையான ரகரமாக அது இருந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. பின்லாந்து அறிஞர் குஸ்டாஃப் ராம்ஸ்டெட் ரகரத்தின் பக்கம் நின்றவர். அந்தக் கட்சிக்குச் சான்று துருக்கிய மொழிகளுக்குள்ளேயே இருக்கிறது. துருக்கியில் கொழுத்தது 'செமிஃஜ்', கொழு- என்ற வினை 'செமிர்-'. வெறிநோய் 'குதுஃஜ்', வெறிபிடி- 'குதுர்-'. கண் 'கொஃஜ்', காண்- 'கொர்-'. எதிர்க்கட்சியோ ஃஜ் தான் மூலம், பல்கார் கிளை அதை ரகரமாக்கியது என்கிறது. உயிர்களுக்கு நடுவில் ஸ், ஃஜ் ரகரமாவது இலத்தீனிலும் நடந்திருக்கிறது. கண்ணுக்குச் சுவாஷ் சொல் 'குர்' என்று வராமல் 'குச்' என்று வருவது இரு கட்சிக்கும் தொண்டையில் முள். என் கணிப்பில் ரகரக் கட்சியின் வாதமே வலுவானது. மங்கோலியத்துக்குப் போன மிகப் பழைய கடன்கள் ரகரத்தோடு இருப்பதுதான் காரணம்: எருது துருக்கியில் 'ஒகூஃஜ்', மங்கோலியத்தில் 'உஹெர்', ஹங்கேரியத்தில் 'ஒக்கோர்'. ஆனாலும் அந்தக் கடன்களைத் தந்தது பல்கார் வகை மொழிதான் என்று பதில் சொல்ல இடமிருப்பதால் வழக்கு முடியவில்லை.

ஹங்கேரிக்குப் போன சொல்

ஹங்கேரிய மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஃபின்னிய, மான்சி மொழிகளுக்கு உறவு. ஆனால் 895-ஐ ஒட்டி இன்றைய நாட்டுக்குள் குடியேறும் முன் ஹங்கேரியர்கள் கருங்கடலுக்கு வடக்கே, புல்வெளிகளில் துருக்கிய மொழி பேசுவோரோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்தார்கள். அந்தக் காலக் கடன்களைத் தொகுத்து ஃஜோல்தான் கோம்போட்ஸ் என்ற ஹங்கேரிய அறிஞர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் தொடக்கப் புள்ளி. ஹங்கேரியத்தில் 'எழுது' என்பது ஈர்-.

ரகரத்தில் முடிவதால் இதைத் தந்தது பல்கார் வகை மொழி என்பது உடனே தெரிகிறது. இன்னொரு கவனிப்பு: வினை எந்த ஒட்டும் இல்லாமல் அப்படியே நுழைந்திருக்கிறது. பிற்காலத்தில் ஹங்கேரியம் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வினை வாங்கும்போது வினையாக்கும் விகுதி ஒன்றைக் கட்டாயம் ஒட்டும். முயன்றுபார்க்கும் பொருளுடைய 'ப்ரோபால்' என்பதில் கடைசியில் நிற்கும் ஆல் அத்தகையது. துருக்கிய வினைகளுக்கு அது தேவைப்படவில்லை. இரு மொழியும் சரளமாகப் பேசிய ஒரு சமூகத்தில்தான் வினையடி இப்படி வெறுமனே கைமாறும்.

சிக்கல் முதல் எழுத்தில். பல்கார் வகைக் கடன்களில் பழைய யகரம் ஹங்கேரியத்தில் பொதுவாக ஜ்ய போன்ற ஒலியாக வரும். மோதிரம் துருக்கியில் 'யூஃஜூக்', ஹங்கேரியத்தில் 'ஜ்யூரூ'. சில சொற்களில் ஸகரமாக வரும்: காற்று 'யெல்', ஹங்கேரியத்தில் 'ஸேல்'. ஈர்- இரண்டிலும் சேராமல் வெறும் உயிரோடு தொடங்குகிறது. ஏற்கத்தக்க விளக்கம் இது: சொல்லைத் தந்த கிளைமொழியில் யகரம் யகரமாகவே இருந்தது, அகரம் ஏற்கெனவே இகரம் போன்ற உயிராக மாறிவிட்டது, அந்த உயிருக்கு முன் யகரம் நழுவியது. இந்த நழுவல் துருக்கிய மொழிகளிலேயே சகஜம். ஆண்டு துருக்கியில் 'யில்', அஜர்பைஜானியில் 'இல்'. பாம்பு அங்கே 'யிலான்', இங்கே 'இலான்'. இந்த விளக்கத்தை ஏற்றால் கூடுதலாக ஒரு காலக்குறிப்பும் கிடைக்கிறது. சுவாஷ் சிர்-இன் உயிர்மாற்றம் ஒன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

ஹங்கேரியர்கள் இந்தக் கடனை நன்றாகவே வளர்த்தார்கள். 'ஈராஷ்' எழுத்து, 'ஈரோ' எழுத்தாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல்லாக்கம் பெருகியபோது அலுவலகத்துக்கு 'இரோதா', இலக்கியத்துக்கு 'இரோதலோம்' என்று பெயர் வைத்தார்கள். துருக்கியர்கள் தங்கள் இலக்கியத்தை அரபுச் சொல்லான 'எதெபியாத்' என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

எழுதுவதற்கு முன் என்ன செய்தார்கள்

மூலத் துருக்கியம் பேசியவர்களுக்கு எழுத்து இல்லை. அப்படியிருக்க *யர்²- 'எழுது' என்ற பொருளில் இருந்திருக்க முடியாது. முந்தைய பொருளைக் காட்டுவது மங்கோலியம். அங்கே பழைய எழுத்து வடிவில் ஜிரு-, இன்றைய பேச்சில் ஃஜுர-. பொருள் 'வரை, சித்திரம் தீட்டு'. படத்துக்கு 'ஃஜுரக்'. பல்கார் வகைத் துருக்கியத்திலிருந்து வாங்கிய சொல் என்று பலரும், இரு குடும்பமும் ஒரே மூலத்திலிருந்து பெற்றவை என்று அல்தாயக் கொள்கையினரும் சொல்வார்கள். மஞ்சு மொழியில் வரைவதற்கு 'நிரு-' என்று நகரத்தில் தொடங்கும் வினை இருப்பது பின்னவர்களுக்குப் பிடித்த ஆதாரம். மூலச் சொல் யகரத்தில் அல்லாமல் ஞகரத்தில் தொடங்கியிருக்கலாம் என்று அதிலிருந்து வாதிடுவார்கள். ஒரே ஒரு வடிவத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படியானாலும் பொருள் பற்றிச் சண்டை இல்லை: கோடு இழு, குறி இடு, வரை. தமிழிலும் கண்ணுக்கு மை எழுதினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள். வரைதலும் எழுதுதலும் ஒரே வினைக்குள் வாழ்வது நமக்குப் பழக்கமானதுதான்.

இந்த மங்கோலிய வினை மறுபடியும் ஒரு துருக்கிய மொழிக்குள் நுழைந்தது. யாகூத்தில் 'எழுது' என்பது சுருய்-, எழுத்தாளர் 'சுருயாச்சி'. முதல் பார்வைக்கு இதுவும் *யர்²-இன் நேரடி வாரிசு போலத் தெரியும். விதிகளை ஓட்டிப் பார்த்தால் மயக்கம் தெளியும். யாகூத்தில் இறுதி ஃஜ் ஸகரமாகும். வசந்தம் 'சாஸ்' ஆனது அப்படித்தான். நேரடி வாரிசாக இருந்தால் 'சஸ்-' என்று வந்திருக்க வேண்டும். ரகரமும் உகர உயிர்களும் மங்கோலிய வழியைக் காட்டிக்கொடுக்கின்றன. குடும்பத்துக்குள் பிறந்து, வெளியே தத்துப் போய், வேறு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை.

தென் சைபீரியாவின் ககாஸ் மொழி மூன்றாவது வழியில் போனது. அங்கே எழுதுவதற்கு பஸ்-, 'அழுத்து, மிதி' என்று பொருள்படும் பொதுத் துருக்கிய வினை. துருக்கியில் அதே வினைதான் அச்சடிப்பதற்கு.

ஒரே உருவில் நிற்கும் அந்நியர்கள்

இந்த வினையைத் தேடுவோர் அதிகம் வழுக்குவது ஒலியொப்புச் சொற்களில். துருக்கியில் குறில் நெடில் வேறுபாடு அழிந்ததால் கோடைக்கும் (முன்னே வசந்தமாகப் பார்த்த அதே சொல்) 'யஃஜ்', எழுதுவதற்கும் 'யஃஜ்-'. கோடையில்தான் எழுதினார்கள் என்றெல்லாம் கதை கட்டுவோர் உண்டு. துருக்மென், யாகூத் நெடிலும் சுவாஷின் சுர், சிர் பிரிவும் அந்தக் கதையை நிற்கவிடாது. 'விரி, பரப்பு' என்ற இன்னொரு யாஃஜ்- நெடில் உடையது. சமவெளியைக் குறிக்கும் 'யஃஜி' அதைச் சேர்ந்தது. எழுத்தைக் குறிக்கும் 'யஃஜி' வேறு.

மூன்றாவது அந்நியன் 'தவறு, குறி தப்பு' என்ற பழந்துருக்கிய யஃஜ்-. அதிலிருந்து பிறந்த 'யஃஜுக்' பாவத்தைக் குறித்தது. மானிக்கேய சமயத்து உய்குர்களின் பாவமன்னிப்பு வேண்டுதலில் அது திரும்பத் திரும்ப வரும். இன்றைய துருக்கியில் 'யஃஜிக்' என்றால் 'ஐயோ பாவம்'. இதே வினை ஒரு துணைவினையாகவும் உறைந்து நிற்கிறது. 'துஷேயஃஜ்திம்' என்றால் 'விழப் பார்த்தேன், மயிரிழையில் தப்பினேன்'. விழு- என்பதோடு யஃஜ்- சேர்ந்த வடிவம். துருக்கி மொழி கற்பவர்கள் இதில் 'எழுதினேன்' எங்கே வந்தது என்று குழம்புவார்கள். அது அங்கே வரவே இல்லை.

நான்காவது, 'பிள' என்ற யர்-. ரகரம் என்பதால் இதுவே மூல வினை, கல்லைப் பிளந்து எழுதியதிலிருந்து வந்தது என்று இணைக்கத் தோன்றும். ஆனால் இது எல்லா மொழிகளிலும் ரகரத்தோடு நிற்கும் முதல் ரகரம். சுவாஷில் சுர்- ஆகிறது, சிர்- அல்ல. இரண்டுக்கும் மிகத் தொலைவில் ஓர் உறவு இருக்கக்கூடும்; அதை நிறுவும் சான்று கிடையாது.

வாரிசுகளுக்கிடையே ஒலியைவிடப் பொருளில்தான் இன்று வேற்றுமை அதிகம். உஸ்பெக்கில் யோஃஜ்-. பஷ்கிரிலும் துருக்மெனிலும் கடைசி மெய் 'அது' என்பதில் நாம் ஒலிக்கும் தகரத்தைப் போல ஒலிக்கும். இவற்றைக் கேட்டுப் பிடித்துவிடலாம். விகுதி சேர்ந்த சொற்களில்தான் கவனம் வேண்டும். அஜர்பைஜானியில் 'யஃஜிச்சி' எழுத்தாளர். துருக்கியில் 'யஃஜிஜி' ஒருகாலத்தில் எழுத்தர். இப்போது கணினியோடு இணைக்கும் அச்சு இயந்திரம். எழுத்தாளருக்கு அங்கே 'யஃஜார்'. தலையெழுத்துக்கு 'அலின் யஃஜிசி', சொல்லுக்குச் சொல் 'நெற்றி எழுத்து'. மென்பொருளுக்கு 'யஃஜிலிம்', கணினியியலாளர் அய்தின் கோக்சல் ஆக்கிய சொல். மென்பொருளுக்குள் ஓடும் சிறு கட்டளைத் தொகுப்புக்குத் துருக்கிய நிரலாளர்கள் 'பெதிக்' என்கிறார்கள். அது பிதி-யின் வழி வந்தது.